இடது காதில் ஒரு கிறீச்

“இதுவரை நீங்கள் கேட்டிராத ஒலிகள்!”

செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தில் இந்த ஒரு வரியைப் படித்ததும் அவருக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது.

கேட்டிராத ஒலியா? நானா? நான் கேட்டிராததா?

அவர் ஓர் அச்சகத்தில் பிழைத்திருத்துநர். பள்ளிப் பாடப் புத்தகம், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள், கல்யாண அழைப்பிதழ், எதுவானாலும் அவர் கண்ணில் பட்ட பிறகுதான் இயந்திரத்துக்குப் போகும். பிழை பார்ப்பதே அவர் பிழைப்பு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா இருக்கும். ஹோட்டலுக்குப் போனால் சாப்பாடு வருவதற்குள் விலைப்பட்டியலைத் திருத்தி வைத்திருப்பார். தெருவில் உள்ள கடைப் பலகைகள் தப்பித்ததற்கு ஒரே காரணம், அவருக்கு எட்டாது.

விளம்பரம் ஒரு ராக் இசைக்குழுவைப் பற்றியது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் நாலு பேர். நாலு பேருக்கும் தோள்வரை முடி. எட்டு ஆல்பம். இப்போது அந்த நாலு பேருக்கும் தலையில் ஒன்றும் இல்லை. ஆல்பங்களுக்கு மட்டும் புது வாழ்வு வந்திருக்கிறது. எட்டையும் ரீமாஸ்டர் செய்து, கனமான பெட்டியில் போட்டு, மறுபடியும் விற்க வந்துவிட்டார்கள்.

“அநியாயம்!” என்று செய்தித்தாளை மேசைமேல் அறைந்தார்.

எதிரே அவர் மனைவி தன் கறுப்புக் கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். அநியாயங்களைக் கேட்டு அதிர்ந்துபோகிற வயதை எல்லாம் தாண்டியவள்.

“என்னங்க ஆச்சு?”

“ரீமாஸ்டராம்!”

“யாருங்க அது? உங்க ஆபீசுக்குப் புதுசா வந்திருக்காரா?”

“ஆள் இல்ல! ரீமாஸ்டர்னா பழைய பதிவை எடுத்து, தூசி தட்டி, அமுங்கின சத்தத்தைத் தூக்கி விட்டு, மங்கின சத்தத்தைப் பளிச்சுனு ஆக்கி...”

“வெள்ளையடிக்கிறது.”

“வெள்ளையடிக்கிறது இல்ல!”

“அப்ப, எங்க தையல் மாஸ்டர் மாதிரி. கோட்டுல தோள் சரியில்லன்னா பிரிச்சு மறுபடியும் தைச்சுக் குடுப்பாரு. ஆனா அதுக்குக் காசு வாங்க மாட்டாரு.”

“இவங்க வாங்கறாங்களே! அதைத்தான் அநியாயம்ங்கறேன்! அந்தச் சிவப்புக் கதவு போட்ட அட்டை இருக்கே, அந்த ஆல்பம் ஒண்ணையே நான் எத்தனை தடவை வாங்கியிருக்கேன்? காலேஜ்ல கேசட்டு. வேலைக்குச் சேர்ந்ததும் ரெக்கார்டு. நம்ம கல்யாணத்துக்கு அப்புறம் சி.டி. ஒரே பாட்டு, ஒரே தொண்டை, மூணு தடவை! இப்ப நாலாவது தடவை வந்து, நீ இன்னும் சரியாக் கேக்கலடாங்கறான்!”

“சரி, வாங்காதீங்க.”

“வாங்காம எப்படித் திட்டறது?”

மனைவி நூலைப் பல்லால் கடித்தாள். “ஏற்கெனவே உங்க ராக்குக்கு வைக்க ரேக் இல்ல.”

அவர் காதில் அது ஏறவில்லை. அவர் எழுந்து நடக்க ஆரம்பித்திருந்தார். கோபம் வந்தால் அவருக்கு உட்காரத் தெரியாது.

“யாரைப் பார்த்து என்ன சொல்றான்? ரெண்டாவது பாட்டுல அந்த டிரம்ஸ்காரர் காலால பெடலை மிதிக்கும்போது, பெடல் கிறீச்சுனு ஒரு சத்தம் போடும். எண்ணெய் போடாத கதவு மாதிரி. ரொம்ப மெல்லிசா. பதினோரு தடவை! இடது பக்கத்துல மட்டும்! அதையே எண்ணினவன் நான்!”

மனைவியின் ஊசி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

இந்த இடத்தில் அவருடைய இடது காதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பதினேழு வருஷங்களுக்கு முன்னால் அவருக்கு ஒரு சளி பிடித்தது. இடது காது கப்பென்று அடைத்துக்கொண்டது. மனைவி கூப்பிட்டால் கேட்கவில்லை. “பாவம், காது கேக்கல” என்று அவளே குப்பை வாளியைக் கீழே கொண்டுபோய் வைத்தாள். அவளே கதவைத் திறந்தாள். தொலைபேசியில் ஒரு மணி நேரம் பேசுகிற தன் அக்காவை, “அவருக்குக் காது அடைச்சிருக்கு” என்று சொல்லி அவளே சமாளித்தாள். ஐந்தாம் நாள் காலை, காது பளிச்சென்று திறந்துகொண்டது. பறவைச் சத்தம்கூடக் கேட்டது. பக்கத்து அறையில் மனைவி, “பாவம், இன்னும் கேக்கல போல” என்று முணுமுணுத்ததும் கேட்டது.

அவர் பொய் சொல்லவில்லை. அதைக் கவனிக்க வேண்டும். பொய் என்று ஒரு வார்த்தைகூட அவர் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, கண்ணெதிரே இருந்த ஒரு பிழையைத் திருத்தாமல் விட்டார். அவ்வளவுதான்.

அந்தப் பிழை வளர்ந்தது. புது வீட்டுக்கு வந்ததும், கூடத்தில் தன் நாற்காலியை எங்கே போடுவது என்று அவர் அரை நாள் யோசித்தார். கடைசியில், சமையலறையும் வாசல் கதவும் தொலைபேசியும் மூன்றும் இடது பக்கம் வருகிற ஒரே மூலையைக் கண்டுபிடித்து அங்கே போட்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் உலகத்து வேலைகள் எதுவும் அவரை அண்டாது. மூடி வைத்த கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே மழை பெய்கிற மாதிரி, எல்லாம் இடது பக்கமாகப் பெய்துவிட்டுப் போய்விடும்.

அப்படிப்பட்ட காதை அவர் அன்றைக்கு வாய்தவறிக் காட்டிக்கொடுத்துவிட்டார். அது அவருக்கே தெரியவில்லை. கோபம் வந்தால் அவருக்குக் கண் மண் தெரியாது. காது மட்டும் நன்றாகக் கேட்கும்.

மனைவி பொத்தானைத் தைத்து முடித்தாள். பிடித்ததை உடனே சொல்வது அவள் வழக்கம் இல்லை. ரயிலில் அவள் யாரையும் அதட்ட மாட்டாள். டிக்கெட் இருக்கிறவன் கேட்டதும் நீட்டுவான், இல்லாதவன்தான் கதை சொல்லுவான் என்பாள். கதை சொன்னால் அவள் நிறுத்த மாட்டாள். எதிர் இருக்கையில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்பாள். தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப மாட்டாள். பக்கத்தில் இருப்பவரிடம், “இவர் பை கீழ விழுந்துருச்சு போலிருக்கே” என்று மெல்லச் சொல்வாள். தூங்குகிறவன் கை தானாகப் பையைத் தேடும். இந்தக் கதைகளை அவள் சாப்பாட்டு மேசையில் சொல்லும்போதெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தவர் நம் பிழைத்திருத்துநர்தான். “அப்பாவிப் பசங்க! இதுகூடவா தெரியாது?” என்பார்.

அடுத்த பத்து நாளும் வீட்டில் ஒரே பேச்சு. வாங்கலாமா, வேண்டாமா?

திங்கட்கிழமை அவர் வாங்கக் கூடாது என்று முடிவு செய்தார். செவ்வாய்க்கிழமை, வாங்கி, கேட்டு, குறைகளைப் பட்டியல் போட்டு, கம்பெனிக்குக் கடிதம் எழுதுவது என்று முடிவு செய்தார். புதன்கிழமை வாங்குவதற்கு முன்பே கடிதத்தை எழுதிவிட்டார். வியாழக்கிழமை அதில் இரண்டு எழுத்துப்பிழை இருப்பதைப் பார்த்து, அதற்கும் கம்பெனி மேலேயே கோபப்பட்டார்.

பத்தாம் நாள் மனைவி சொன்னாள். “இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? எங்க ரயில் கார்டு ஒருத்தர் அந்தப் பெட்டியை வாங்கியிருக்காராம். அந்தக் கதவு டிஸ்க்கை மட்டும் ரெண்டு நாளைக்குக் கேட்டிருக்கேன். பழசையும் புதுசையும் மாத்தி மாத்திப் போடறேன். எது எதுன்னு நீங்க கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லணும். சரியாச் சொன்னா, வித்தியாசம் இருக்குன்னு அர்த்தம். முழுப் பெட்டியையும் நானே வாங்கித் தர்றேன்.”

அவருக்கு நம்ப முடியவில்லை. “நீயா?”

“நான்தான்.”

“ரெண்டு தடவையும் ஒரே டிஸ்க்கைப் போட்டு ஏமாத்த மாட்டியே?”

“டிக்கெட் பார்க்கிறவ டிக்கெட் இல்லாம போவேனா? வேணும்னா ஒரு சாட்சி வெச்சுக்கலாம். மேல் வீட்டுத் தம்பியைக் கூப்பிடறேன்.”

மேல் வீட்டுத் தம்பி லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனிதர். யார் என்ன சொன்னாலும் முதலில் ஆமாம் என்பார். பிறகு இறங்கி வருவார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் மூன்று பேரும் கூடத்தில் கூடினார்கள். பிழைத்திருத்துநர் தன் நாற்காலியில், தன் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். மெக்கானிக் பக்கத்தில் ஒரு ஸ்டூலில். மனைவி பின்னால், சி.டி. பிளேயருக்குப் பக்கத்தில், இரண்டு டிஸ்க்குகளோடு.

“முதல்ல,” என்றாள்.

பாட்டு ஆரம்பித்தது. கால் நிமிஷம்கூட ஆகவில்லை. “பழசு!” என்றார்.

“அடுத்து.”

“புதுசு!”

“அடுத்து.”

“இதுவும் புதுசு! அதையே மறுபடியும் போடறே. என்னை ஏமாத்தலாம்னு பார்க்கறியா?”

ஐந்து தடவை போட்டாள். ஐந்தும் சரி. ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. ஹெட்போனைக் கழற்றினார்.

“காணோம்!” என்றார்.

“என்னது சார் காணோம்?” என்றார் மெக்கானிக், ஸ்டூலுக்கு அடியில் பார்த்துக்கொண்டே.

“கிறீச்சு! புதுசுல அந்தக் கிறீச்சைக் காணோம்! துடைச்சு எடுத்துட்டான் பாவி! பதினோரு கிறீச்சு! ஒண்ணுகூட விடல!”

“அது தப்புச் சத்தம்தானேங்க?” என்றாள் மனைவி. “பிழையைத் திருத்தியிருக்காங்க. உங்க தொழில்தானே அது?”

“அது பிழை இல்ல! அது... அது வந்து... அந்த ஆளு அங்க உட்கார்ந்திருந்தான்ங்கறதுக்கு அடையாளம்! அந்தக் கிறீச்சு இருந்தாத்தான் அது டிரம்ஸ். இல்லன்னா தகர டப்பா! இதுவரை கேட்டிராத ஒலியாம்! ஏற்கெனவே கேட்ட ஒலியைப் பிடுங்கிக்கிட்டு, கேட்டிராத ஒலியைக் குடுக்கறானாம்! யாருக்கு வேணும்?”

மெக்கானிக் தொண்டையைச் செருமினார். “கிறீச்சுனு சத்தம் வந்தா எங்க தொழில்ல எண்ணெய் போடுவோம், சார். காணோம்னு அழ மாட்டோம்.”

“நீங்க பழசைக் கேளுங்க! கேட்டுட்டுச் சொல்லுங்க!”

மெக்கானிக் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கண்ணை மூடினார். தலையை மெல்ல ஆட்டினார். முழுப் பாட்டும் கேட்டார்.

“நல்லா இருக்கு, சார்.”

“கிறீச்சு?”

“எல்லாமே நல்லா இருக்கு.”

“கிறீச்சு கேட்டுதா இல்லையா?”

“எனக்கு அப்படி ஒண்ணும்...”

பிழைத்திருத்துநருக்கு மறுபடி மூக்கு சிவந்தது. “எப்படிய்யா கேக்காம இருக்கும்? ரெண்டு காதாலயும் கேட்டா அந்த கிதார் வந்து அதை மூடிடும். கிதார் வலது பக்கம். கிறீச்சு இடது பக்கம். வலது காதைப் பொத்திக்கணும்! இடது காதால மட்டும் கேக்கணும்! குடுங்க இப்படி!”

ஹெட்போனைப் பிடுங்கினார். இடது பக்கத்தை மட்டும் காதில் வைத்தார். வலது காதை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்தினார்.

“ம், போடு!” என்றார் மனைவியிடம்.

மனைவி போட்டாள்.

“இதோ, ஒண்ணு! கேக்குது பாருங்க. ரெண்டு! மூணு! எவ்வளவு தெளிவா... நாலு! இந்த அஞ்சாவது கிறீச்சு கொஞ்சம் நீளமா வரும், பாருங்க... வந்துதா! ஆறு...”

பதினொன்றும் முடிந்தது. பாட்டும் முடிந்தது. ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினார். ஆனால் வெற்றிக் களிப்பில், வலது காதைப் பொத்திய கையை எடுக்க மறந்துவிட்டார்.

மனைவி எப்போதோ சமையலறை வாசலுக்குப் போயிருந்தாள். அங்கே நின்று, மெக்கானிக்கைப் பார்த்து, பக்கத்துப் பயணியிடம் பேசுகிற அதே மெல்லிய குரலில் சொன்னாள்.

“குழாய் சொட்டுற மாதிரி இருக்கே.”

“மாதிரி என்ன மாதிரி?” என்றார் பிழைத்திருத்துநர் எரிச்சலோடு. “காலையிலேர்ந்து சொட்டுது. நிமிஷத்துக்கு நாப்பது சொட்டு!”

சமையலறையில் குழாய் மட்டும் சொட்டியது. சொட். சொட். சொட்.

வலது காதைப் பொத்தியிருந்த கை மெதுவாகக் கீழே இறங்கியது.

முதலில் எழுந்தவர் மெக்கானிக். அவர் முகத்தை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. “சார், நாலு வருஷமா படிக்கட்டுல உங்களைப் பார்த்தா, நான் இந்தப் பக்கமா சுத்தி வந்து உங்க வலது காதுல வணக்கம் சொல்றேன், சார்! கையில டூல் பெட்டியோட, சார்! ஒரு தடவை சுத்தி வந்து கால் சுளுக்கி மூணு நாள் லீவு போட்டேன், சார்!”

“தம்பி, அது வந்து...”

“சண்டை வந்தா எண்ணெய் போட்டு வைக்கிறவன் நான், சார். என்னாலயே பொறுக்க முடியல.” அவர் படியேறிப் போகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. எத்தனை படி என்றுகூடப் பிழைத்திருத்துநரால் சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை.

மனைவி கத்தவில்லை. எதிரே வந்து உட்கார்ந்தாள். தலையாட்டினாள்.

“சொல்லுங்க,” என்றாள்.

“இப்பத்தான்... இந்த நிமிஷம்தான் திறந்த மாதிரி இருந்தது. பாட்டோட அதிர்வுல.”

“ம்.”

“டாக்டருங்களே சொல்றாங்க. நல்ல இசை கேட்டா நரம்பெல்லாம்...”

“ம்.”

“அதுவும் எல்லாச் சத்தமும் கேக்காது. இந்தக் கிறீச்சு, சொட்டு, இந்த மாதிரி சத்தம் மட்டும்தான். மனுஷங்க பேசறது கேக்காது. முக்கியமா பொம்பளைங்க குரல்...”

“ம். அப்புறம்?”

கதை தீர்ந்துவிட்டது.

மனைவி கைப்பையைத் திறந்தாள். அபராதச் சீட்டுப் புத்தகத்தை எடுத்தாள். இரண்டு தாளுக்கு நடுவே கார்பனைச் செருகினாள். நிதானமாக எழுதினாள். எழுதி முடித்ததும் புத்தகத்தோடு அவர் மடியில் வைத்தாள்.

‘பயணி: வீட்டுக்காரர். குற்றம்: இடது காது கேட்காது என்று பதினாறு வருடம் டிக்கெட் இல்லாத பயணம். பிடிபட்ட பிறகும் கதை சொல்லித் தப்பிக்க முயற்ச்சி. அபராதம்: குப்பை வாளி, குழாய், அழைப்பு மணி. அக்காவின் தொலைபேசி, தினமும். நாற்காலி உடனடியாக எதிர்ச் சுவருக்கு மாற்றப்படும்.’

“டிஸ்க்குப் பெட்டியை நாளைக்கே வாங்கிடறேன்,” என்றாள் மனைவி. “வித்தியாசம் கேட்டா வாங்கித் தர்றேன்னு சொன்னேன். நான் சொன்னா சொன்னதுதான்.”

“வேண்டாம்!” என்றார். “கிறீச்சே இல்லாத பாட்டு எனக்கு எதுக்கு?”

பத்து நாளாகத் தீராத கேள்வி தீர்ந்துவிட்டது. அந்த ரீமாஸ்டர் வாங்கத் தகுதியானது இல்லை. இதைத் தெரிந்துகொள்ள அவர் கொடுத்த விலை ஒரு காது.

மனம் நொந்து சீட்டை மறுபடி படித்தார். படிக்கப் படிக்க முதுகு நிமிர்ந்தது. கண் கூர்மையானது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

“என்ன இது, ‘முயற்ச்சி’? ‘ற்’ பக்கத்துல ‘ச்’ வராதுன்னு எத்தனை தடவை சொல்றது? அரசாங்கச் சீட்டுல இப்படியா எழுதறது?” சிவப்புப் பேனாவால் அழுத்தி அந்த ‘ச்’சை அடித்தார். அடித்த சூட்டில் பேனா மேல் வரிக்குப் போனது. “தகவலும் தப்பு! பதினாறு இல்ல. அது இந்த வீட்டுக்கு வந்த கணக்கு. சளி பிடிச்சது அதுக்கு முந்தின வருஷம், பழைய வீட்டுல.” ‘பதினாறு’ அடிபட்டது. மேலே ‘பதினேழு’ ஏறியது, அழகான, அழுத்தமான எழுத்தில்.

“திருத்தினவங்க பக்கத்துல கையெழுத்துப் போடணுமுங்க. எங்க ரூல் அது.”

“எங்க ரூலும் அதுதான்!” என்று கோபமாகச் சொல்லிவிட்டு, இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டார்.

மனைவி குனிந்தாள். மேல் தாளைக் கிழித்து அவர் கையில் கொடுத்தாள். அடித் தாளை ஒரு முறை பார்த்துவிட்டு, அவருடைய இடது காதுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

“கார்பன்லயும் நல்லா விழுந்திருக்குங்க.”